பிரிட்ஜ் அண்ணையின் சைவ பியர்

தேம்ஸ் நதிக்கு இந்தக் கரையிலும் சரி, அந்தக் கரையிலும் சரி, பியர் சைவம் என்று பெண்சாதியை ஒப்புக்கொள்ள வைத்தவர் ஒருவர்தான். அவர் இல்ஃபோர்டில் எனக்குப் பக்கத்து வீட்டுப் பிரிட்ஜ் அண்ணை. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன்; இன்று மூன்று கடைக்குச் சொந்தக்காரன்; நாலு விதமான மனிதரைப் பார்த்தவன். நான் சொன்னால் நம்பலாம்.

அண்ணை ஹவுன்ஸ்லோவில் குளிர்க்கிடங்கு மெக்கானிக். யாராவது வாசலில் எறிந்த பழைய பிரிட்ஜைக் கண்டால் நடுவீதியில் காரை நிறுத்திவிடுவார். அப்படி வந்தவை இரண்டு. தோள் உருண்ட, வங்கிக் கதவு போலப் பாரமான, எனக்கும் மூத்த பெட்டிகள். ஒன்றில் பியர் நொதிக்கும். மற்றதன் கதவில் துளை போட்டுக் குழாய் பூட்டியிருந்தார். உள்ளே பீப்பாய், வெளியே கைப்பிடி. இழுத்தால் நுரையோடு இறங்கும். கிளாஸைச் சரித்துப் பிடிக்கும் அவருடைய பக்தியைக் கண்டால் கோயில் ஐயரே வெட்கப்படுவார்.

அவருடைய மனைவி, எங்களுக்கு அக்கா, சுத்த சைவம். அந்தக் குசினிக்குள் மச்சம், அதாவது மீனோ இறைச்சியோ, நுழைந்ததில்லை.

"பார்லி, ஹொப்ஸ் பூ, தண்ணி. இதிலை மச்சம் எங்கையப்பா இருக்கு?" என்று அண்ணை வாதாடினார்.

அக்கா யோசித்தார். "சரி. ஆனா ஒரு சொட்டு மச்சம் பட்டாலும் உந்தப் பெட்டி ரண்டையும் கவுன்சில்காரன் அள்ளிக்கொண்டு போவான். சொல்லிப்போட்டன்."

அண்ணை ஓய்வு பெற்றபோது, சனிக்கிழமை விருந்துக்குத் தெருவையே அழைத்தார். முதல்நாள் போய்ப் பார்த்தேன். பியர் கஞ்சித்தண்ணி மாதிரிக் கலங்கியிருந்தது.

"அண்ணை, உதைக் குடுத்தா வெள்ளைக்காரன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும் முதலாளி. வயித்துக்குள்ளை போனாப் பிறகு ஆர் பாக்கப்போறாங்கள்?"

எனக்குப் பொறுக்கவில்லை. பழக்கமான பப்காரன் ஒரு போத்தல் தந்தான். ஒரு மூடி விட்டால் பளிங்காகத் தெளியுமாம். அன்று பின்னேரமே, அண்ணை வெளியே போன நேரம் பீப்பாயில் மூன்று மூடி விட்டேன். நான் எதையும் குறைத்துச் செய்கிறவன் இல்லை.

சனி காலை பியர் பொன்னாக இறங்கியது. அண்ணை கிளாஸைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன செய்தனீர்?"

பெருமையோடு போத்தலை நீட்டினேன். எனக்கு ஆங்கிலம் பேச வரும், வாசிக்க வராது. அவர் கண்ணாடியைப் போட்டு லேபிளை வாசித்தார். அப்படியே பெட்டியில் சாய்ந்துவிட்டார்.

"இது மீன்ரை காத்துப்பையிலை செய்த சாமான் ஐசே! அதுவும் நேற்று, வெள்ளிக்கிழமையிலை!"

"அக்கா குடிக்கிறேல்லைத்தானே. ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

பீப்பாயைத் தோட்டத்துக்கு உருட்டிப்போய் முழுவதையும் கவிழ்த்தார். பெட்டியை மஞ்சள் தண்ணியால் மூன்று தரம் துடைத்தார். சத்தம் கேட்டு அக்கா இறங்கி வந்தார்.

"இஞ்சாருங்கோ, சனம் வாற நேரத்திலை ஏன் ஊத்திப்போட்டியள்?"

நான் வாயைத் திறந்தேன். அண்ணை முந்திவிட்டார்.

"புளிச்சுப்போச்சப்பா. பிழை என்னிலைதான்."

அன்று மாலை தெருவே என் கடைத் தகர பியரைக் குடித்துக்கொண்டு அவரைப் பகிடி பண்ணியது. "ஒரு பெட்டியைக் குளிரா வைச்சிருக்கத் தெரியாத மெக்கானிக்!" என்று அக்காவும் சேர்ந்துகொண்டார். அண்ணை சிரித்தபடி நின்றார்.

அக்கா இந்தப் பத்திரிகையை விடாமல் வாசிப்பவர். தெரிந்துதான் எழுதுகிறேன். பெட்டிகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் அக்கா. அந்த மனிதர் உங்களிடம் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதையும் எனக்காகச் சொன்னார்.