பெருச்சாளிக்கு எந்தத் தோட்டா?

ஒரு பெருச்சாளியைச் சுடுவது பற்றித் தோட்டா சார் யோசித்த அளவுக்கு, எங்கள் காலனியில் எவரும் கல்யாணத்தைப் பற்றிக்கூட யோசித்ததில்லை.

மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். லைசென்ஸோடு ஒரு ரிவால்வர் உண்டு. பீரோவில், பூப்போட்ட துண்டுக்குள் தூங்கும். அவர் வீட்டுப் பின்பக்கம் பெருச்சாளி ஒன்று வளை தோண்டியது. துணி துவைக்கும் கல்லைச் சாய்த்தது. ஒருநாள் அவர் மனைவியின், எங்களுக்கெல்லாம் அக்காவின், கால்மேல் ஏறி ஓடியது. அக்கா பையைத் தூக்கிக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவிலில் உள்ள தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

"அது போனாத்தான் நான் வருவேன்."

சார் அன்றே வேட்டைக்காரரானார். காதுக்கு அடைப்பான், கண்ணுக்கு மஞ்சள் கண்ணாடி, நெற்றியில் சிவப்பு விளக்கு. இடுப்பில் கட்டிய தோல் உறை லுங்கியோடு சேர்ந்து வழுக்கி முழங்காலுக்கு வரும். காய்கறி வண்டிக்காரர் அந்தக் கோலத்தைப் பார்த்த நாளோடு எங்கள் தெருவையே மறந்தார்.

ஆனால் எந்தத் தோட்டா? அங்கேதான் மனிதர் நின்றுவிட்டார். வெயிலில் பித்தளை மின்ன, உள்ளங்கையில் ஒன்றை உருட்டியபடியே இருப்பார்.

"என்கிட்ட இருக்கிறது பாயின்ட் முப்பத்திரண்டு. பெருச்சாளியத் தாண்டிப் போயிடும்."

"சின்னத் துப்பாக்கியா ஒண்ணு வாங்குங்களேன் சார்" என்றேன் நான்.

"இருபத்திரண்டா? அது கல்லுல பட்டா எகிறும். எவன் வீட்டு ஜன்னலுக்குப் போகும்னு யாருக்குத் தெரியும்?"

"பொடிக் குண்டாச் சிதறுமே, அந்த ரவைத் தோட்டா?"

"தூரம் போகாது, நல்லதுதான். ஆனா அரைகுறையாப் பட்டு, வளைக்குள்ள போய்த் துடிக்கும். பாவம்யா."

எதிர்வீட்டு ஆட்டோ அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா சார், ஒரு பெருச்சாளிக்கு இவ்ளோ பேஜாரா? இங்க சுட்டா போலீசு உன்னத் தூக்கிகினு பூடும்."

"மொதல்ல தோட்டா முடிவாகட்டும்."

முடிவாகவில்லை. சார் மெலிந்தார். தினமும் ரவா உப்புமா. சாயங்காலம் போனில் அக்காவிடம், "ஆராய்ச்சி நடக்குதும்மா" என்பார்; அந்தக் குரலில் பசியும் இருந்தது, வேறொன்றும் இருந்தது.

ஒரு விடியலில் என்னைக் கூப்பிட்டார். இருக்கும் தோட்டாவையே துப்பாக்கியில் போட்டுவிட்டேன் என்றார். பெருச்சாளி வெளியே வந்து, சாவகாசமாய் மீசை துடைத்தது. சார் இரண்டு கையாலும் குறிபார்த்தார். பிறகு துப்பாக்கி மெல்லத் தாழ்ந்தது.

"என்ன சார்?"

"பின்னால பாரு."

கொடியில் அக்காவின் பச்சைப் புடவை. அவர் கிளம்பிப் போன அன்று காயப்போட்டது.

"ஓட்டை விழுந்துடும்யா."

அக்காவுக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "அது தரை துடைக்க வெச்சிருந்த புடவை. லூசு மனுஷன்" என்றார். அடுத்த மின்சார ரயிலில் வந்து இறங்கினார்.

பெருச்சாளி இன்றும் அங்கேயேதான் இருக்கிறது. அக்கா துணி துவைக்கும்போதெல்லாம் சார் கையில் துடைப்பத்தோடு பக்கத்தில் நிற்கிறார், அக்காவின் கால்களையே பார்த்தபடி.