சிறகியிடம் முட்டை ஓடு கேட்ட அரசாங்கம்

ஏழு ஓடைகளுக்கு நடுவே ஒரு நாடு இருந்தது. மழை பிடித்தால் ஏழும் ஒன்றாகி நாட்டையே குளமாக்கிவிடும். ஆனாலும் அங்கே வெள்ளத்தில் ஒருவரும் செத்ததில்லை. காரணம் சிறகி. நாற்பது முழ நீளப் பச்சைப் பாம்பு; கழுத்துக்குக் கீழே இரண்டு பெரிய சிறகுகள். தண்ணீர் ஏறியதும் தான் குடியிருக்கும் பாறையிலிருந்து இறங்கி வருவாள். மக்கள் வரிசையாக முதுகில் ஏறிக்கொள்வார்கள். மேட்டில் இறக்கிவிட்டு, எல்லாரும் சாப்பிட்டாயிற்றா என்று விசாரிப்பாள். அதற்குமேல் அவளுக்குப் பேச்சு வராது என்றே பலரும் நினைத்திருந்தார்கள்.

அரசர் திக்குவிஜயர் கெட்டவர் அல்லர். ஆனால் ஒரு நாள் அவர் யானைமேல் ஊர்வலம் போனபோது, ஊரே அண்ணாந்து வானத்துக்குக் கையசைத்துக்கொண்டிருந்தது. மேலே சிறகி பறந்துகொண்டிருந்தாள். அரசருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

தலைமை அமைச்சர் மதியூகர் அதற்கு ஒரு வழி கண்டார். சிறகியின் இரு சிறகுகளிலும் அரசரின் திருமுகம் தீட்டப்பட்டது. பதினோரு குடம் சாயம் பிடித்தது. இடது சிறகில் ஓவியர் மீசையைத் தாராளமாக வரைந்துவிட்டதால் சிறகி இடப்பக்கம் சாய்ந்தே பறக்க நேர்ந்தது. மேட்டுக்குப் போகவேண்டியவர்கள் புளியந்தோப்பில் போய் இறங்கினார்கள். முப்பது பேரைச் சுமந்தவளால் பத்துப் பேரைத்தான் தூக்க முடிந்தது. பாறையடியில் கூட்டம் நெரிந்தது.

நெரிசலை ஒழிக்க அடுத்த ஆணை வந்தது. ஏற விரும்புவோர் வெள்ளம் வருவதற்கு மூன்று நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். வெள்ளம் என்றைக்கு வரும் என்று கேட்டவர்களிடம், அதைத் தெரிந்துகொள்ள வேறொரு விண்ணப்பம் இருப்பதாகச் சொல்லப்பட்டது.

அந்த ஆண்டு வெள்ளம் விண்ணப்பிக்காமல் வந்தது. மூன்றாம் ஓடைக்கு அப்பால் பூரணி என்ற பெண்ணுக்கு இடுப்பு வலி கண்டுவிட்டது. மருத்துவச்சி மாடத்தி இந்தக் கரையில் இருந்தாள். பாறையடிக்கு ஓடினாள். அங்கே மதியூகர் குடைபிடித்தபடி மேற்பார்வை செய்துகொண்டிருந்தார். மாடத்தியிடம் படிவம் இல்லை.

"பிள்ளத்தாச்சி மூணு நாள் தாங்குவாளாய்யா?" என்று கேட்டாள் மாடத்தி.

"ஏன், பிரசவத்தை ஒத்திவைக்கலாமே" என்றார் அவர், மிகுந்த கனிவோடு.

சிறகி தலையைத் தரையோடு தாழ்த்தினாள். மாடத்தி கத்தரிக்கோலையும் துணிமூட்டையையும் இடுக்கிக்கொண்டு ஏறிவிட்டாள். இருவரும் சாய்ந்து சாய்ந்து போய்ச் சேர்ந்தார்கள். தண்ணீர் கட்டில் காலைத் தொட்டபோது பெண் குழந்தை பிறந்தது. சிறகி ஜன்னல் வழியே தலையை நீட்டி, சாப்பிட்டாயிற்றா என்று குழந்தையிடம் கேட்டாள். அது வீறிட்டது. பூரணி வலியை மறந்து சிரித்தாள்.

மறுநாள் விசாரணை. சட்டத்தை மீறியது குடிமகளா அந்நியளா என்று முதலில் தெரியவேண்டும் என்றார் மதியூகர். ஆகவே சிறகி இந்த மண்ணில்தான் பிறந்தாள் என்பதற்குச் சான்றாக அவள் பொரிந்து வந்த முட்டையின் ஓட்டைத் தாக்கல் செய்யச் சொன்னார்.

சிறகி வெகுநேரம் யோசித்தாள்.

"பொறந்த அன்னைக்கே தின்னுட்டேனே. பசி."

சான்றை அழித்த குற்றமும் சேர்ந்தது. சூரியன் மறைவதற்குள் அவள் ஏழாம் ஓடையைத் தாண்டி வெளியேற வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அடுத்த மழைக்கு எங்களை யார் தூக்குவது என்று மாடத்தி கேட்டாள். அரசரின் வெண்கலச் சிலை ஒன்று செய்யப்படும் என்றார் அமைச்சர். அது மிதக்குமா என்று கேட்டாள். சிலையின் மாண்பைச் சந்தேகிப்பது தனிக் குற்றம் என்று பதில் வந்தது.

மாடத்தி வீட்டுக்குப் போய் அம்மியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "நானும் வாறேன் தாயி. எல்லைக்கு அங்கிட்டும் பிள்ள பெறத்தான செய்வாக" என்று சொல்லிச் சிறகியின் முதுகில் அமர்ந்தாள். அடுத்து பூரணி கைக்குழந்தையோடு ஏறினாள். பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. ஆடு ஏறியது, தறி ஏறியது, ஒருவர் தன் வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு ஏறினார். அவ்வளவு பேரின் முழங்காலும் சிறகில் உரசியதில் சாயம் செதில் செதிலாக உதிர்ந்தது. அரசரின் மூக்கு நான்காம் ஓடையில் விழுந்தது, மீசை ஐந்தாவதில். பாரம் குறைய, சிறகி நிமிர்ந்து பறந்தாள். கடைசி நடையில் காவலர்களும் அரண்மனைச் சமையற்காரரும் போனார்கள். முதுகிலிருந்தவர்கள் சிரித்த சிரிப்பு உப்பரிகைவரை கேட்டது. அங்கே அரசர் நின்றிருந்தார். கை தானாக உயர்ந்தது. மதியூகர் பார்ப்பதைக் கண்டு தலையைச் சொறிந்துகொண்டார்.

அடுத்த மாதம், ஏற்கெனவே அறிவித்தபடி, தேர்தல் நடந்தது. வேட்பாளர் அரசர் மட்டுமே. வாக்குப்பதிவு மிக அமைதியாக நடைபெற்றதாக மதியூகர் பறைசாற்றினார். பறையை அவரே அடிக்க வேண்டியிருந்தது. நாட்டில் எஞ்சியிருந்த இருவரும் தவறாமல் வாக்களித்திருந்தார்கள்.

பெட்டி திறக்கப்பட்டது. ஒரு சீட்டில் அரசரின் பெயருக்கு நேரே முத்திரை இருந்தது. மற்றொன்றில் முத்திரை இல்லை. மையால் ஒரு பாம்பு வரையப்பட்டிருந்தது. முதுகில் சிறகு மாதிரி ஏதோ இரண்டு.

மதியூகரின் முகம் சிவந்தது. அரசர் ஒரே வாக்கில் மகத்தான வெற்றி பெற்றதாக முதலில் அறிவித்தார். பிறகு சீட்டை உயர்த்திப் பிடித்து, இந்தத் துரோகத்தைச் செய்தவன் எவனாயினும் இன்றே கண்டுபிடித்து நாடு கடத்தவேண்டும் என்றார்.

அரசர் நெருங்கி வந்து சீட்டை வாங்கிப் பார்த்தார். ஏழாம் ஓடைக்கு அப்பாலிருந்து சமையல் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"சிறகு சரியா வரலை, இல்ல?" என்றார்.