துப்பாக்கிக்கு ஒரு பீரோ

1973ஆம் வருஷம், முதல் பனி விழுந்த சனிக்கிழமை காலை. இரண்டாவது டம்ளர் காபி பாதியில் இருக்கும்போது, மணிவாசகம் கைத்துப்பாக்கி வாங்குவதென்று முடிவு செய்தார். வேறு யாராவது என்றால் பூட்ஸ் வாங்குவதென்று முடிவு செய்திருப்பார்கள். நம்ம ஆள் அப்படியில்லை. ஜன்னலுக்கு வெளியே மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பேட்டை முழுக்கச் சத்தமில்லாமல் வெள்ளையாகிக்கொண்டிருந்தது. உள்ளே அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் உஸ்ஸென்று மூச்சு விட்டது. அந்த மாதிரி வேளையில் என்ன நினைத்தாலும் நடந்துவிடும் போலத்தான் இருக்கும்.

அவர் கண்ட கனவு இதுதான். ஷெர்புரூக் தெருவில் பனிக்குள் அவர் நடந்து போகிறார். கறுப்பு ஓவர்கோட். வலது கை கோட்டுக்குள்ளே. அவசரமே இல்லை. எதிரே வருகிறவர்கள் தாமாக ஒதுங்கி வழி விடுகிறார்கள். ஒரு அம்மாள் இன்னொரு அம்மாளிடம், "பார்த்தியா, அவர்கிட்ட என்னமோ இருக்கு" என்கிறாள். அந்தக் குரல் அச்சு அசலாக மனைவி அனுசூயாவின் குரல். அந்த இடம் வந்ததும் கனவைக் கொஞ்சம் பின்னால் இழுத்து மறுபடி ஒரு தடவை கேட்டுக்கொண்டார்.

இத்தனைக்கும் காரணம் ஒரு ரக்கூன்.

ஆகஸ்ட் மாசம் பின்பக்கத்துப் பால்கனியில் அனுசூயா வெங்காய வடகம் காயப்போட்டிருந்தாள். பொழுது சாய்கிற நேரத்தில் இருவருமாக அதை எடுக்கப் போனார்கள். இரும்புப் படியில் ஏறி, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டையோடு, கொழுகொழுவென்று ஒரு பிராணி வந்து வடகத்தில் கை வைத்தது. மணிவாசகம் ஒரே தாவில் வீட்டுக்குள் பாய்ந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டார். உள்ளே அவர். வெளியே ரக்கூன். ரக்கூனோடு அனுசூயா.

அவள் முறத்தாலேயே நாலு போட்டு அதை விரட்டிவிட்டு வந்து கதவைத் தட்டினாள்.

"யாரு?" என்று கேட்டார் மணிவாசகம்.

கதவைச் சாத்தியதைக்கூட ஊர் மன்னித்திருக்கும். அந்த "யாரு?" இருக்கிறதே, அதை மன்னிக்கவில்லை. மொன்றியலில் அப்போது தமிழ்க் குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். விருந்து என்றால் அதே முகங்கள்தான். டாக்டர் பாலசந்திரனின் மனைவி சியாமளா இந்தக் கதையைச் சொல்லாமல் பாயசத்தில் கரண்டி போடுவதில்லை. மணிவாசகம் பாலம் கட்டுகிற இன்ஜினீயர். அவர் கணக்குப் போட்ட பாலங்களின் மேல் தினம் ஆயிரம் லாரி போகிறது. அதை யாரும் கேட்பதில்லை. "சார், யாரு?" என்றுதான் கேட்கிறார்கள். பொங்கல் விருந்துக்குள் அந்தக் கதை சாக வேண்டும், வேறு கதை பிறக்க வேண்டும். மானப் பிரச்சினை.

அனுசூயா குதிப்பாள் என்று ஒன்பது பாயிண்ட் தயார் செய்துகொண்டு சமையலறைக்குப் போனார்.

"அனு, நான் துப்பாக்கி வாங்கப் போறேன்."

"வாங்கிக்குங்க."

"கைத்துப்பாக்கி. நிஜத் துப்பாக்கி."

"பொம்மைன்னு நான் சொல்லலையே. கேசரிக்கு முந்திரி வறுக்கவா?"

ஒன்பது பாயிண்டும் வீணாய்ப் போயிற்று. இத்தனை சுலபத்தில் சம்மதிக்கிறவளா அவள்? கனடாவுக்கு வந்த ஆறு வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான், ஓர் இரும்புப் பீரோ. கண்ணாடி வைத்து, கைப்பிடி வைத்து, உள்ளே லாக்கர் வைத்த பீரோ. கல்யாணப் பட்டுகள் எல்லாம் கட்டிலுக்கடியில் சூட்கேஸில் கசங்கிக் கிடந்தன. "பீரோ இல்லாத வீடு ஒரு வீடாங்க? சத்திரம்" என்று மாசத்துக்கு ஒரு தடவை சொல்வாள். இவரோ, "இது மரத் தரை. அவ்வளவு கனத்தையும் நாலு கால்ல இறக்கினா, பீரோ கீழ் வீட்டுக்காரர் மடியில போய் உட்காரும்" என்று காகிதத்தில் அம்புக்குறி போட்டு நிரூபித்திருந்தார்.

சரி, சம்மதித்தாள். அதோடு விட்டாளா?

"எங்க வச்சிப்பீங்க?"

"இடுப்புல. கோட்டுக்குள்ள. வெளியில தெரியவே தெரியாது."

"சமயத்துல எடுக்க வரணுமே. எவ்வளவு கனம் இருக்கும்?"

"ரெண்டு பவுண்டு."

அவள் அப்பளக் குழவியை எடுத்துக் கொடுத்தாள். "இதைச் செருகிக்குங்க. வெளியில போற மாதிரி எல்லாத்தையும் மாட்டிக்குங்க. நான் திருடன். ம், ஆரம்பிங்க!"

மணிவாசகம் கையுறையைக் கழற்றினார். மஃப்ளரை உருவினார். ஓவர்கோட்டில் ஆறு பொத்தான். அதற்கடியில் கோட்டு. அதற்கடியில் ஸ்வெட்டர். ஸ்வெட்டர் மூக்குக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டது. ஒருவழியாகக் குழவியை உருவி நீட்டியபோது எதிரே திருடனைக் காணவில்லை. திருடன் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒண்ணேகால் நிமிஷம். திருடன் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு, வாசல்ல உட்கார்ந்து பூட்ஸும் போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டான்."

"கோடையில சட்டுன்னு வரும்."

"கோடையில ஒரு சட்டைதானே போடுவீங்க. எங்க ஒளிப்பீங்க?"

ஆனாலும் மனுஷன் அசரவில்லை. கனவென்றால் அப்படித்தான், குழவிக்கெல்லாம் பயப்படாது.

மத்தியானமே இருவரும் கடைத்தெருவுக்குப் போனார்கள். துப்பாக்கிக் கடைக்காரர் நரைத்த மீசையும் மெல்லிய குரலுமாக இருந்தார், பூக்கடைக்குப் பொருத்தமான ஆள். பிரெஞ்சில் பேசினார். மணிவாசகத்துக்குப் பிரெஞ்சில் பொன்ஜூர் தெரியும், மெர்சி தெரியும். நடுவில் வருவதுதான் தெரியாது. அனுசூயா மூன்று வருஷமாகச் செவ்வாயும் வியாழனும் மாலை வகுப்புக்குப் போய்ப் படித்தவள். அவள்தான் மொழிபெயர்த்தாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் துப்பாக்கிகள் நீல வெல்வெட்டில் படுத்திருந்தன. மணிவாசகம் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு குட்டி ரிவால்வரைக் காட்டினார். கடைக்காரர் தலையை ஆட்டிவிட்டு நெடுநேரம் பேசினார்.

"என்னங்கறார்?"

"ஒளிச்சி வைக்க அது சௌகரியமாம். குறி பார்த்துச் சுட ஆகாதாம். குழல் குட்டை, உதையும் ஜாஸ்தி. முதல் துப்பாக்கின்னா நீளக் குழலா, இருபத்திரண்டு காலிபர்ல எடுங்கங்கறார். உதைக்காதாம், தோட்டாவும் மலிவாம். முதல் துப்பாக்கி சுடக் கத்துக் கொடுக்கணும், பயப்படக் கத்துக் கொடுக்கக் கூடாதாம்."

நீளக் குழல் துப்பாக்கியைக் கையில் வாங்கினார். சில்லென்று இருந்தது. உலகம் ஒரு நிமிஷம் அமைதியாகிவிட்ட மாதிரி இருந்தது. "இதையே கோட்டுக்குள்ள வச்சிக்கிறேன்னு சொல்லு."

அவள் சொன்னாள். கடைக்காரர் பதறிப்போய் இரண்டு கையையும் ஆட்டினார்.

"தெருவுல மறைச்சி வச்சிக்கிட்டு நடக்கத் தனி அனுமதி வேணுமாம். லேசுல கொடுக்க மாட்டாங்களாம். உயிருக்கு ஆபத்துன்னு போலீஸ்ல காட்டணுமாம். யாரால ஆபத்துன்னு கேக்கறார்."

மணிவாசகம் கூரையைப் பார்த்தார். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. அனுசூயாவே பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். முறத்தால் அடிக்கிற மாதிரி கையை வேறு வீசிக் காட்டினாள். கடைக்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பின்கட்டிலிருந்து அவர் மனைவியும் வந்து கேட்டுவிட்டுச் சிரித்தாள். ஆக, கதை இப்போது பிரெஞ்சிலும் வெளிவந்தாயிற்று.

"கிளப்புல சேர்ந்து சுடலாமாம். அதுக்குத் தடையில்லையாம்" என்றாள் அனுசூயா, தோளைத் தட்டிக் கொடுக்காத குறையாக. பிறகு கடைக்காரரிடம் தானாகவே ஒரு கேள்வி கேட்டாள். அவர் நிமிர்ந்து நின்று, "ஆ, மதாம்!" என்று தலை வணங்கினார்.

"என்ன கேட்டே?"

"இதை எங்க வச்சிப் பூட்டறதுன்னு கேட்டேன். இத்தனை வருஷத்துல ஒரு ஆம்பளைகூட அதைக் கேட்டதில்லையாம்."

மணிவாசகத்துக்குப் பெருமையாக இருந்தது. கடைக்காரர் துப்பாக்கியைத் திரும்ப வெல்வெட்டில் படுக்க வைத்துவிட்டு, முதலில் கிளப்பில் சேரச் சொல்லி, அதன் விதிகள் அச்சடித்த தாளைக் கொடுத்தார். அதுவும் பிரெஞ்சு. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பனியைப் பார்த்துக்கொண்டே, "முக்கியமானதை மட்டும் படி" என்றார். கோட்டுக்குள் கை போன கனவு போயிற்று. அதனால் என்ன, பொங்கல் விருந்தில் கேசரித் தட்டோடு, 'ஞாயித்துக்கிழமைதானே? துப்பாக்கி சுடப் போவேன்' என்று போகிறபோக்கில் சொல்லலாம். சியாமளாவின் கரண்டி அந்தரத்தில் நிற்கும்.

"ஒண்ணாவது விதி, சுடறப்போ காதை மூடிக்கணும். ரெண்டாவது, யார் பக்கமும் நீட்டக் கூடாது. நாலாவது, துப்பாக்கி வச்சிருக்கிறவங்க வீட்டுல நல்ல பூட்டா போட்ட இரும்பு அலமாரி இருக்கணும். ஆள் தூக்க முடியாத கனம் இருக்கணும்."

"சின்னப் பெட்டி போதாதா?"

"பெட்டியோட தூக்கிட்டுப் போயிட்டா? எவ்வளவு கனம் இருந்தா தூக்க முடியாது? நீங்கதானே இன்ஜினீயர்."

இன்ஜினீயர் பேனாவை எடுத்தார். "முந்நூறு பவுண்டு. ஆறடி உயரம் இருந்தா இன்னும் நல்லது."

"தரை தாங்குமாங்க?"

"தாராளமா."

"அன்னிக்குத் தாங்காதுன்னு அம்பெல்லாம் போட்டுக் காட்டினீங்களே."

"அது துப்பாக்கி இல்லாத கணக்கு."

துறைமுகத்துப் பக்கம் பழைய கப்பல் சாமான் விற்கிற கிடங்கு ஒன்றில் அது கிடைத்தது. பாசிப் பச்சை. இரண்டு கதவு. உட்பக்கம் ஆளுயரக் கண்ணாடி. நடுவில் லாக்கர். அனுசூயா விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டினாள். டங்கென்று ஒரு சத்தம். அவள் கண் கலங்கிவிட்டது. 'பாவம், எனக்காக எவ்வளவு கவலைப்படறா' என்று மணிவாசகத்துக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோயிற்று.

நாலு பேர் மூச்சு வாங்கிக்கொண்டு அதை இரும்புப் படியில் ஏற்றினார்கள். கீழ் வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி சாத்திக்கொண்டார். தரை முனகவில்லை. சாவி ஒன்றே ஒன்று.

"ஒண்ணுதான் பத்திரம்" என்றார் மணிவாசகம். "ரெண்டு இருந்தா ஒண்ணு திருடன் கைக்குப் போகும்."

"அப்போ என்கிட்டயே இருக்கட்டும். நீங்க மூக்குக் கண்ணாடியையே நெத்தியில வச்சிக்கிட்டுத் தேடறீங்க" என்று அனுசூயா அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஜனவரி இரண்டாவது ஞாயிறு, பொங்கலுக்கு முந்தின நாள், மணிவாசகம் முதல் தடவையாகக் கிளப்புக்குப் போனார். நிலவறையில் நீளமான அறை. காதில் கவசத்தை மாட்டியதும் உலகம் மறைந்தது. வெளியே பனி விழுகிற அமைதி உள்ளேயும் விழுந்தது. சியாமளா இல்லை, ரக்கூன் இல்லை, "யாரு?" இல்லை. கிளப் துப்பாக்கியை நீட்டினார். மூச்சை இழுத்துப் பாதியில் நிறுத்தினார். நாலு குண்டு எங்கே போயிற்றோ. ஐந்தாவது குண்டு காகித வட்டத்தின் ஓரத்தில் ஒரு பொத்தல் போட்டது. அந்தப் பொத்தல் வழியாக அவருக்கு வானமே தெரிந்தது. அத்தனை சந்தோஷம்.

"அடுத்த வாரம் சொந்தத் துப்பாக்கியோட வரேன்" என்று செயலாளரிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

செயலாளர் சுவரில் ஒட்டியிருந்த விதிகளில் மூன்றாவதை விரலால் தொட்டுக் காட்டினார். "முதல் வருஷம் கிளப் துப்பாக்கிதான். சொந்தமா வாங்கறது எல்லாம் அடுத்த ஜனவரியில. அலமாரியும் அப்போ பார்த்துக்கலாம், இப்போ அவசரமில்லை."

பொத்தல் விழுந்த காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு வீடு வந்தார். படுக்கையறையில் பேச்சுச் சத்தம். பீரோ திறந்திருந்தது. அதன் முன்னால் சியாமளாவும் இன்னும் மூன்று பேரும், வாயைப் பிளந்துகொண்டு. மேல் தட்டில் பட்டுகள் நிறவாரியாக. அடுத்த தட்டில் வெள்ளிக் குத்துவிளக்கு, குங்குமச் சிமிழ், சந்தனக் கிண்ணம். நாப்தலின் வாசனை கம்மென்று வந்தது. துப்பாக்கிக்கென்று ஒதுக்கிய லாக்கரில் வடகம் டப்பா.

"இனிமே ரக்கூன் கைக்கு எட்டாது பாருங்க" என்றாள் அனுசூயா.

"மூணாவது விதியை ஏன் படிக்கலை?"

"நீங்கதானே முக்கியமானதை மட்டும் படிக்கச் சொன்னீங்க."

"சார், இனிமே அந்த ‘யாரு?’ கதையைச் சொல்ல மாட்டேன்" என்றாள் சியாமளா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "இல்லாத துப்பாக்கிக்குப் பீரோ வாங்கின கதை அதைவிட ஜோரா இருக்கு."

மணிவாசகம் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். கறுப்பு ஓவர்கோட்டு, கையில் காகிதச் சுருள். கௌரவத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "போதும், எல்லாரும் பார்த்தாச்சு இல்லே? சாவியைக் கொடு. பூட்டிடறேன்" என்றார்.

அனுசூயா முந்தானை முடிச்சை இறுக்கிக்கொண்டாள்.

"கதவைச் சாத்தறது உங்களுக்கு நல்லா வரும். நீங்க சாத்துங்க. பூட்டறதை நான் பார்த்துக்கறேன்."