சருகுமான் வாங்கிய புத்திசாலி பவர்பேங்க்

ஒரு காட்டில், மலையின் சிக்னல் கிடைக்கிற பக்கமாக, தவமணி என்றொரு சருகுமான் இருந்தாள். மான் என்றதும் கொம்பு, துள்ளல் என்று பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சருகுமான் ஒரு முயல் அளவுதான் இருக்கும். உதிர்ந்த இலைமேல் நின்றால் இலை எது, மான் எது என்று தெரியாது. அதிலும் தவமணி சுத்த வாயில்லாப் பூச்சி. எதைக் கேட்டாலும் கடைசியில் "இல்லேன்னாலும் பரவால்ல" என்று ஒரு வாலைச் சேர்த்துவிடுவாள். கேட்கிறவர்களும் வசதியாக அந்த வாலைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

அந்த வருஷம் காட்டுக்குள் கேம்ப்பிங் மோகம் பிடித்து ஆட்டியது. காட்டிலேயே பிறந்து காட்டிலேயே படுத்து எழுகிற ஜென்மங்களுக்குக் கேம்ப் எதற்கு? கேட்டால், "எப்பவும் வீட்டுக்குள்ளயே கிடந்தா எப்படி, ஒருநாளாவது வெளிய தங்கணும்லா" என்றார்கள். வீடு எது, வெளி எது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கோடைக்கு எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு, கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஆற்றங்கரையில் போய்ப் படுப்பது என்று முடிவாயிற்று.

தவமணிக்குப் போக விருப்பமே இல்லை. ஆனால் ஊரே கிளம்பிப் போய்விட்டால் சிறுத்தைக்கு மிச்சமிருப்பது இவள் ஒருத்திதான். அதோடு, அப்போதுதான் ஒரு குட்டி போட்டிருந்தாள். குட்டிக்கு அவள் சொல்லிக்கொடுத்திருந்த ஒரே பாடம், சத்தம் கேட்டால் அசையாமல் கிட என்பது. புதருக்குள் அது நல்ல பாடம். ஆற்றங்கரையோ திறந்த வெளி. காட்டெருமைகள் இருட்டில் தண்ணீர் குடிக்க வந்து போகிற வழி. ஆயிரம் கிலோ உடம்பு தலைக்கு மேல் வரும்போதும் குட்டி சொன்னபடி அசையாமல்தான் கிடக்கும். 

அவளிடம் ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு இருந்தது. கூடார மூலையில் மாட்டுகிற சாதனம். கண்ணைக் கூசாது, பூச்சியை இழுக்காது, இங்கே ஒரு உயிர் கிடக்கிறது என்று சொல்லும் அளவுக்கு மட்டும் வெளிச்சம் தரும். அதைக் குட்டியின் தலைமாட்டில் விடிய விடிய எரியவிட ஒரு பவர்பேங்க் வேண்டும். முள்ளம்பன்றி ஐயம்பெருமாள் அண்ணாச்சியைத் தேடிப் போனாள்.

அண்ணாச்சிக்குக் கடை என்று தனியாக எதுவும் கிடையாது. முள்ளுக்கு ஒன்றாகச் சார்ஜரும் வயருமாகத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரே கடை, அவரே ஷோகேஸ்.

"அண்ணாச்சி, ஒரு சின்ன விளக்குக்குத்தான். கொஞ்சமா இருந்தாப் போதும். இல்லேன்னாலும் பரவால்ல."

"இல்லாம எங்க போவுது? உக்காரு தாயி" என்றார் அண்ணாச்சி. முதலில் முதுகுப் பக்கமிருந்து பழைய மாடல் ஒன்றை உருவிப் போட்டார். தடித்துப்போய், மூலையெல்லாம் தேய்ந்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. "இது ஒரு மக்கு. செருகிட்டா ஓடிக்கிட்டே கிடக்கும். எதிர்ல ஆளு இருக்கா இல்லையான்னு பாக்கவே தெரியாது."

பிறகு கழுத்துப் பக்கமிருந்து பளபளவென்று இன்னொன்றை எடுத்தார். "இது முப்பதாயிரம் எம்.ஏ.எச். ரெண்டு பக்கமும் ஓட்டை. ஒரு யானையவே செருகலாம். உன் விளக்கு குடிக்கிற குடிக்கு அரை மாசம் வரும். எல்லாத்துக்கும் மேல, இது புத்திசாலி தாயி. யாரும் கரண்ட் எடுக்கலன்னு தெரிஞ்சா தானே அணைஞ்சுக்கும். ஒரு சொட்டு வீணாகாது."

வீணாகாது என்ற சொல்லில் தவமணி அப்படியே விழுந்துவிட்டாள். தண்ணீர் குடிக்கப் போனால்கூட மற்றவர்களுக்கு மிச்சம் இருக்கட்டும் என்று நாக்கை நனைத்துக்கொண்டு திரும்புகிறவள் அவள். மக்கை ஒதுக்கிவிட்டுப் புத்திசாலியை வாங்கிக்கொண்டு போனாள். போகும்போது விளக்கைப் பற்றி அண்ணாச்சி இன்னும் ஏதாவது விசாரித்திருக்கலாம். வியாபாரம் முடிந்த பிறகு விசாரிக்கிற கடைக்காரரை நான் எந்தக் காட்டிலும் பார்த்ததில்லை.

ஆற்றங்கரை திருவிழா மாதிரி இருந்தது. கரடி பேச்சியக்கா வந்து இறங்கியதிலிருந்து ஒரே அமர்க்களம். கூடாரம் சின்னதாக இருக்கிறது என்றாள், பெரிதாகக் கொடுத்தார்கள். புழுங்குகிறது என்றாள், அண்ணாச்சி முள்ளில் மாட்டியிருந்த சின்ன ஃபேன் இரண்டைக் கழற்றிக் கொடுத்தார். தேனில் எறும்பு கிடக்கிறது என்றாள், நாலு பேர் ஓடிப்போய்ப் பொறுக்கினார்கள். தவமணியிடம் கூடாரம் வேண்டுமா என்று கேட்டார்கள். "எங்களுக்கு எதுக்கு, ரெண்டு இலை போதும்" என்றாள். இரண்டு இலை வந்தது. எண்ணிக் கொடுத்தார்கள்.

பொழுது சாய்ந்ததும் குட்டியை ஒரு பாறையோரம் படுக்கவைத்து, விளக்கைச் செருகி, பொத்தானை அமுக்கினாள். மஞ்சளாக அழகாக எரிந்தது. மனசு நிறைந்து, நாலு எட்டு தள்ளிப் போய்த் தழை கடிக்க ஆரம்பித்தாள். இரண்டாவது வாய் மெல்லுவதற்குள் பின்னால் இருட்டிவிட்டது.

திரும்பிப் பார்த்தால் விளக்கு எரியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுக் காட்டெருமை கோமதிநாயகம், ஏப்பம் விட்டபடி, நேராக அந்தப் பாறையோரமாக வந்துகொண்டிருந்தார். தவமணி காலைத் தரையில் தட்டினாள். சருகுமான் தட்டினால் யாருக்குக் கேட்கும்? ஓடிப்போய்ப் பொத்தானின் மேலேயே விழுந்தாள். விளக்கு பளிச்சென்று எரிந்தது. கோமதிநாயகத்தின் குளம்பு குட்டியின் காதுக்கு ஒரு விரல் தள்ளி இறங்கியது.

"அடடே, ஆளிருக்கா இங்க?" என்றார் கோமதிநாயகம். நல்ல மனுஷர்தான். உண்மையாகவே வருத்தப்பட்டார். "வெளிச்சம் எதுவும் இல்லியா, யாருமில்லன்னு நினைச்சிட்டேன். இன்னும் நம்ம பயலுவ பத்துப் பேரு தண்ணி குடிச்சிட்டு இருக்கானுவ. பாத்துக்கோம்மா." சொல்லிவிட்டுப் போனார். அவர் போவதற்குள் விளக்கு மறுபடி அணைந்தது.

குட்டி கண்ணை மூடாமல் அம்மாவையே பார்த்துக்கொண்டு, சொன்னபடி அசையாமல் கிடந்தது. வேறு இடம் போகலாம் என்று மூக்கால் தள்ளிப் பார்த்தாள், எழவில்லை. பொத்தானை அமுக்கினாள், விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அணைந்தது. மறுபடி அமுக்கினாள். காலை எடுக்க முடியவில்லை, ஒரு வாய் தழை தின்ன முடியவில்லை. அந்த வழியாக வயர் விற்றுக்கொண்டு வந்த ஐயம்பெருமாள் அண்ணாச்சியைப் பார்த்ததும் உயிர் வந்தது.

"அண்ணாச்சி, இது கெட்டுப்போச்சு. அணைஞ்சு அணைஞ்சு போவுது."

அண்ணாச்சி விளக்கை ஒரு பக்கம், பவர்பேங்க்கை ஒரு பக்கம் திருப்பிப் பார்த்தார். "கெடலையே தாயி. ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. உன் விளக்கு இழுக்கிறது ரொம்பக் கொஞ்சம் பாத்துக்கோ. அதான் ஆளில்லன்னு முடிவு பண்ணிருது."

"ஆளில்லாமயா விளக்கு எரிஞ்சுது?"

"எரிஞ்சுது. கொஞ்சமால்ல எரிஞ்சுது." அண்ணாச்சி இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லாமல் சொன்னார். "பெரிய சரக்கு எல்லாம் இப்படித்தான். போன், ஃபேனுன்னு உறிஞ்சினா மரியாதையா நிக்கும். நீ கூட ஏதாவது தண்டத்துக்குச் செருகிவிடு, முழிச்சுக்கிட்டே இருக்கும்."

"வீணாப் போகாதா?"

"வீணாப் போனாத்தான் அது நம்பும்."

அந்த மக்கையாவது கொடுங்கள் என்று கேட்டாள். அதை வௌவால் வீட்டார் வாங்கிப் போய்விட்டார்களாம். தண்டத்துக்குச் செருகவும் தவமணியிடம் எதுவுமில்லை. ஆற்றுப் பக்கம் குளம்புச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. பேச்சியக்காவின் கூடாரம் பக்கத்தில்தான். பொத்தானை ஒரு காலால் அமுக்கிக்கொண்டே குரல் கொடுத்தாள்.

"யக்கா, உங்க ஃபேன் ஒண்ணு கொஞ்சம் கிடைக்குமா? இல்லேன்னாலும் பரவால்ல."

கூடாரத்துக்குள் இரண்டு ஃபேனும் இரைந்து ஓடிக்கொண்டிருந்தன. பேச்சியக்கா கெட்டவள் இல்லை. காதில் விழவில்லை, அவ்வளவுதான். முதல் எருமை கரையேறி, மணலை உதறிக்கொண்டு நின்றது. பின்னால் ஒன்பது.

தவமணி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டாள். "யாரு அங்க?" என்று கத்தினாள். தன் தொண்டையில் இப்படி ஒரு குரல் கிடந்தது அவளுக்கே தெரியாது. "இங்க மனுஷி இருக்கதா போறதா? புழுங்கிச் சாவுதேன். ஒரு ஃபேனு இல்ல, கூடாரம் இல்ல, குடிக்க வெந்நீர் இல்ல. என்ன கேம்ப் நடத்துதிய? ஃபேனை முதல்ல இங்க கொண்டாங்க!"

 உடனே நாலு பேர் ஓடிவந்தார்கள். பேச்சியக்காவே எழுந்து, "அய்யோ, இதை முதல்லயே சொல்லப்பிடாதா" என்று ஃபேனை நீட்டினாள். தவமணி அதை இரண்டாவது ஓட்டையில் செருகி, காற்று குட்டிமேல் படாமல் பாறையைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். ஃபேன் விர்ரென்று ஓடியது. பக்கத்தில் விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

பத்து எருமைகளும் வந்தன. முன்னால் வந்தது விளக்கைப் பார்த்தது, ஃபேனைப் பார்த்தது. "யாரோ பெரிய இடம் போலிருக்கு, சுத்திப் போங்கலே" என்றது. அத்தனையும் தலையைக் குனிந்துகொண்டு சுற்றிப் போயின. குட்டி தூங்கிவிட்டது. தவமணி அதன் பக்கத்தில் உட்கார்ந்து, யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். அதற்குள் வெந்நீர் வந்தது. அவள் வெந்நீர் குடித்துப் பழக்கமில்லை. இருந்தாலும் ஆறிப்போயிருக்கிறது என்று திருப்பி அனுப்பினாள். சூடாக வந்தது, கூடவே கூடாரமும் வந்தது.

காலையில் பவர்பேங்க் சுத்தமாகக் காலி. அண்ணாச்சியின் சோலார் பலகை முன்னால் சார்ஜ் போட நீளமான வரிசை நின்றது. இவளைப் பார்த்ததும் முன்னால் நின்றவர்கள் தாங்களாகவே ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அண்ணாச்சி பவர்பேங்க்கைக் கையில் வாங்கி உச்சுக்கொட்டினார். "விளக்குக்கு மட்டும்னா அரை மாசம் வந்திருக்கும் தாயி. அத்தனையும் பாறைக்கு விசிறி வீணாப் போச்சே."

"அது வீணாப் போகலேன்னா என் பிள்ளை போயிருக்கும் அண்ணாச்சி" என்றாள் தவமணி. "முழுசா ஏத்திக் கொடுங்க."

நீதி: கொஞ்சமாகக் கேட்பவர் இல்லாதவர் என்றே கணக்கில் வருவார். ஆகவே, உங்களுக்கு வேண்டியது ஒரு சின்ன விளக்குதான் என்றாலும் கூடவே ஒரு ஃபேனையும் செருகி வையுங்கள். காற்று யாருக்கு என்று ஒருவரும் கேட்கப் போவதில்லை.