முப்பது நாளுக்கு மேல் பூட்டக் கூடாத வீடு

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் இந்த வரியை எழுதி முடிக்கிற வரை சௌக்கியம். அடுத்த வரிக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. விசாரித்துப் பார்த்ததில் எந்தக் கம்பெனியும் தரத் தயாராக இல்லை. அங்கே நீங்களும், நம் பெண்ணும், அவள் வயிற்றில் இருக்கிற சின்னதும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் பல் ஆஸ்பத்திரியில் கூட்டம் குறையாமல் இருக்க வேண்டும் என்றும் எழுத நினைத்தேன். ஊரார் பல்லெல்லாம் கெட்டுப்போகட்டும் என்று வாழ்த்துகிற மாதிரி ஆகிவிடும் என்று பட்டதால் விட்டுவிட்டேன்.

நீங்கள் அனுப்பிய ரயில் டிக்கெட் இரண்டும் வந்து சேர்ந்தன. டாக்டர் நம் பெண்ணைப் பயணம் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டதால், நாங்கள் பதினாலாம் தேதி கிளம்பி, பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே வந்து, இரண்டரை மாதம் கூடவே இருக்க வேண்டும் என்றுதான் பேச்சு. "அப்பா, நீங்க பக்கத்துல இருந்தாதான் நான் ஆஸ்பத்திரிக்குப் போவேன்" என்று அவள் போனில் சொன்னதும் என் காதில் இருக்கிறது. ஆனாலும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் மாமியார் மட்டும் வருவாள். என் டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். வீட்டு இன்ஷூரன்ஸ் விஷயம் என்னை விடமாட்டேன் என்கிறது. முழுக்கப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள், நான் செய்வது தப்பா என்று.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் எதிர்வீட்டுக் கண்ணாடிக் கடைக்காரர். மூன்று நாள் வெளியூர் போய்விட்டுத் திரும்பி வந்து கதவைத் திறந்தால், அவருடைய வீட்டுச் செருப்பு மிதந்து வாசலுக்கு வந்து அவரை வரவேற்றிருக்கிறது. மாடியில் துணி துவைக்கிற மெஷினுக்குப் போகிற குழாய் பிய்த்துக்கொண்டு, மூன்று நாளும் தண்ணீர் கொட்டி, கீழ் அறைக் கூரை ஒரு பக்கம் பெயர்ந்து கட்டில் மேல் விழுந்துவிட்டது. கட்டிலில் ஆள் இல்லை, அது ஒன்றுதான் நல்ல காலம். இன்ஷூரன்ஸ் இல்லை. நான் ஆறுதல் சொல்லப் போனேன். அந்த மனுஷர் கையில் வாளியோடு என்னை ஏற இறங்கப் பார்த்து, "மூணு நாளைக்கே இப்படி. நீங்க ரெண்டரை மாசம் போறீங்களாமே?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து எங்கள் குழாயில் ஒரு சொட்டு விழுந்தாலும், நடுராத்திரி என்றாலும் எழுந்து போய் இறுக்கி மூடிவிட்டு வருகிறேன்.

சரி, வீட்டுக்கும் உள்ளே இருக்கிற பொருளுக்கும் சேர்த்து நம் கைக்கு அடக்கமாக ஒரு பாலிசி எடுத்துவிடலாம் என்று, இருப்பதிலேயே மலிவான கம்பெனியின் படிவத்தை வாங்கி வந்தேன். அதில் 'கட்டடத்தின் நிலைமை' என்று கேட்டு, பதில் எழுத அரை வரி இடம் விட்டிருந்தார்கள். மற்றவர்கள் 'நன்று' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். மாப்பிள்ளை, நான் முப்பத்து நாலு வருஷம் லிஃப்ட் பரிசோதகனாக வேலை பார்த்தவன். குறையே இல்லை என்று ஒருத்தன் ரிப்போர்ட் எழுதினால் அவன் லிஃப்டுக்குள் காலே வைக்கவில்லை என்று அர்த்தம், இதுதான் எங்கள் ஆபீஸில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம். எனவே டார்ச், அளவுகோல், தட்டிப் பார்க்கிற சின்னச் சுத்தியல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடியிலிருந்து கழிவுநீர்த் தொட்டி வரை நான்கு நாள் பார்த்தேன். பதினொரு பக்கம், நாற்பத்து மூன்று குறைகள், போட்டோவோடு. படுக்கையறை ஜன்னலுக்கு மேலே இருக்கிற விரிசல் தலைமுடி கனம்தான், ஆனால் அது எந்தத் திசையில் போகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தேன். உங்கள் மாமியார் படித்துப் பார்த்துவிட்டு, "பொண்ணு பார்க்க வந்தவங்க கையில பொண்ணோட குறையை லிஸ்ட் போட்டுக் குடுக்கிற மாதிரி இருக்கு" என்றாள். நான், "குடுத்தோமே, அவர் கட்டிக்கலையா?" என்றேன். கல்யாணத்துக்கு முன்னால் நம் பெண்ணின் கோபத்தைப் பற்றி உங்களுக்கு நான் எழுதிய இரண்டு பக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் பெரிய மனசு பண்ணினீர்கள். கம்பெனி பண்ணவில்லை. 'வருந்துகிறோம்' என்று பதில் வந்தது.

போனால் போகிறது, ஊரில் ஒரே ஒரு கம்பெனியா என்று இரண்டாவது இடத்துக்குப் போனேன். அங்கேதான் ஒன்பதாவது கேள்வி இருந்தது. 'இதற்கு முன் எந்த நிறுவனமாவது உங்களுக்குக் காப்பீடு தர மறுத்ததுண்டா?' பொய் எழுதினால் நாளைக்கு வீடு இடிந்து நிற்கும்போது அந்த ஒரு வரியைக் காட்டியே ஒன்றும் தராமல் விரட்டிவிடுவார்கள். 'உண்டு' என்று எழுதி, மறுத்த கடிதத்தையும் பதினொரு பக்கத்தையும் இணைத்தேன். அவர்களும் மறுத்தார்கள். மூன்றாவது கம்பெனிக்கு இரண்டு மறுப்புக் கடிதங்களை இணைத்தேன். நாலாவது கம்பெனிக்கு மூன்று. தபால் கனத்துக்கொண்டே போயிற்றே தவிர வேலை நடக்கவில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, நான் கையெழுத்தைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். தபாலாபீஸ் அம்மாள் என் உறையைத் தூக்கித் தராசில் வைக்கும்போதே, "இன்னுமா சார் கிடைக்கலை?" என்று கேட்கிறாள். அவள் கேட்டது வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழுந்தது. அதில் ஒரு திருடன் நின்றிருந்தால்? இன்ஷூரன்ஸ் இல்லாத வீடு என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்றே. அவன் ஒன்பதாவது கேள்வியெல்லாம் கேட்க மாட்டான்.

இதற்கு நடுவில் பொருள்களின் பட்டியல் வேறு. எது கட்டடம், எது பொருள் என்று எனக்குக் குழப்பம். வீட்டை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கினால் எதெல்லாம் கீழே விழுமோ அதெல்லாம் பொருள், விழாமல் ஒட்டிக்கொண்டிருப்பது கட்டடம் என்று ஒரு கம்பெனிக்காரர் போனில் விளக்கினார். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். நான் அறை அறையாக நின்று வீடு கவிழ்வதை மனசில் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறைச் சுவரில் இருக்கிற மர அலமாரி எந்தப் பக்கம் சேரும் என்று சந்தேகம் வந்து, லேசாகத்தான் இழுத்துப் பார்த்தேன். அந்த நிமிஷம் வரைக்கும் அது கட்டடமாக இருந்தது. அதற்கப்புறம் பொருளாகிவிட்டது. அதோடு சேர்ந்து கண்ணாடி டம்ளர் பதினாறும், ஊறுகாய் ஜாடி இரண்டும் பட்டியலிலிருந்து கழிந்தன. உங்கள் மாமியார் சத்தம் கேட்டு ஓடி வந்து, "வெள்ளம் வரும், நெருப்பு வரும், திருடன் வருவான்னு பயந்து சாகறீங்க. இந்த வீட்டுக்கு உங்களை விடப் பெரிய ஆபத்து எது?" என்று கேட்டாள். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

கடைசியில், எல்லாக் கம்பெனியும் கைவிட்டவர்களுக்கு இடம் பார்த்துக் கொடுக்கிற ஒரு ஏஜெண்ட் அம்மாள் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு வரவழைத்தோம். வந்தவர் பதினொரு பக்கத்தையும் நின்றபடியே படித்தார். "சார், இதுல முக்காவாசி எல்லா வீட்லயும் இருக்கிறதுதான். யாரும் எழுத மாட்டாங்க, அவ்வளவுதான்" என்றார். பிறகு எவ்வளவு தொகைக்கு வீட்டை இன்ஷூர் செய்யப் போகிறேன் என்று கேட்டார். இந்த வீட்டை இன்றைக்கு விற்றால் என்ன கிடைக்குமோ அதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "அதுல நிலத்தோட விலையும் சேர்ந்திருக்கே. வீடு போனா திரும்பக் கட்ட என்ன ஆகும்கிறதுதான் கணக்கு. நிலம் எரியாது சார்." நான் விடவில்லை. "எரியாதுதான். ஆனா நிலம் நழுவுமான்னு பதினோராவது கேள்வியில கேட்டிருக்கே?" அந்த அம்மாள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உங்கள் மாமியாரைப் பார்த்தார். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என்னவோ பேச்சு நடந்தது, வாய் திறக்காமலே.

இருந்தாலும் கெட்டிக்காரி. நிலத்தைக் கழித்ததில் பிரீமியம் பாதியாக இறங்கியது. ஒரு வாரத்தில் நம் சக்திக்குள் ஒரு பாலிசி கொண்டுவந்துவிட்டார். நெருப்பு, புயல், திருட்டு, குழாய் உடைவது எல்லாம் உண்டு. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆனால் பழக்கதோஷம், பொடி எழுத்தை விடாமல் படிக்கிறவன் நான். ஏழாம் பக்கத்தில் இருந்தது: வீடு தொடர்ந்து முப்பது நாளுக்கு மேல் ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்தால், தண்ணீரால் வரும் சேதத்துக்கும் திருட்டுக்கும் கம்பெனி பொறுப்பில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். இருபத்தொன்பதாம் நாள் நான் மட்டும் ரயிலேறி இங்கே வந்து, ஒரு நாள் தங்கி, விளக்கைப் போட்டு அணைத்துவிட்டுத் திரும்பலாமா என்றும் காலண்டரை வைத்துப் பார்த்தேன். பிரசவத்துக்கு டாக்டர் சொல்லியிருக்கிற தேதி சரியாக முப்பதாம் நாள். அன்றைக்கு நான் ரயிலில் இருப்பேன். டாக்டரிடம் பேசி ஒரு வாரம் முன்னே பின்னே செய்ய முடியுமா என்று வீட்டில் கேட்டேன். உங்கள் மாமியார் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. காபியை வைத்துவிட்டுப் போகிறாள், டம்ளர்தான் பேசுகிறது.

ஆகையால், மாப்பிள்ளை, யாராவது ஒருத்தர் வீட்டில் இருந்தே ஆக வேண்டும், அது நானாகத்தான் இருக்க வேண்டும். அவளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அப்பாவுக்கு வர மனசில்லாமல் இல்லை என்று சொல்லுங்கள். அந்த ஆஸ்பத்திரியில் லிஃப்ட் எந்த வருஷத்தியது, கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள் என்று உள்ளே ஒட்டியிருக்கிற சான்றிதழைப் பார்த்து எழுதவும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா? பிரசவ அறை எத்தனையாவது மாடி? டாக்டர் அம்மாவுக்கு என்ன வயசு, கண் நன்றாகத் தெரிகிறதா? இதெல்லாம் சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

உங்கள் அப்பா அம்மாவுக்கு என் வணக்கம். நம் பெண்ணுக்கும் அவள் வயிற்றில் வளர்வதற்கும் என் பரிபூரண ஆசிகள். எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். குறையில்லாமல் என்று நான் எழுதுவது அபூர்வம், அதனால் அது பலிக்கும்.

இப்படிக்கு,
வீட்டைக் காத்து நிற்கும்
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே உள்ளதை உறையில் போட்டு ஒட்டும் நேரத்தில் ஏஜெண்ட் அம்மாள் போன் செய்தார். எடுத்தது உங்கள் மாமியார். "சார்கிட்ட போன வாரமே சொன்னேனே, கொஞ்சம் கூடக் கட்டினா தொண்ணூறு நாள் வரைக்கும் பூட்டி வைக்கலாம். மெயின் வால்வை மூடிட்டு, வாரத்துக்கு ஒரு தடவை யாராவது எட்டிப் பார்த்தாப் போதும். என்ன முடிவு பண்ணீங்க?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம், சொன்னார். எனக்குத் தெரியும். முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு திருகாணியைக்கூட ரிப்போர்ட்டில் விட்டவனில்லை, இதை உங்களிடம் எழுதாமல் விட்டேன். உங்கள் மாமியார் உறையைப் பிரித்துக் கடிதம் முழுவதையும் படித்தாள். பத்து நாளுக்கு அப்புறம் என்னிடம் பேசினாள். "வீட்டுக்கா பயப்படறீங்க? அவ பிறந்தப்பவும் இதேதான். நான் உள்ள கத்திட்டிருந்தேன், நீங்க ஆஸ்பத்திரி மொட்டைமாடிக்குப் போய் லிஃப்ட் மோட்டார் ரூம்ல உட்கார்ந்திருந்தீங்க. நர்ஸ் தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தா." வாஸ்தவம். அந்த மோட்டாரில் ஒரு கோளாறும் இல்லை, மாப்பிள்ளை. அங்கே சத்தம் அதிகம், அவள் கத்துவது கேட்காது என்றுதான் போனேன்.

கூடுதல் தொகையைக் கட்டியாயிற்று. பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மாள் சாவி வாங்கிக்கொண்டாயிற்று. இதுவரை படிப்பதற்குள் அவசரப்பட்டு டிக்கெட்டை ரத்து செய்திருந்தால் உடனே வேறு எடுங்கள், நின்றுகொண்டு வர வேண்டியிருந்தாலும் வருகிறேன். ஆஸ்பத்திரியில் நான் எங்கேயாவது நழுவப் பார்த்தால் சட்டைக் காலரைப் பிடித்து அவள் பக்கத்தில் உட்கார வையுங்கள். மாமனார் என்ற மரியாதையெல்லாம் அன்றைக்கு வேண்டாம். நீங்கள் தினமும் பயந்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்துப் பழகினவர், உங்களுக்குக் கைவந்த கலை. எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. அவளிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள். அவளுக்கு அது எப்போதோ தெரியும், அதனால்தான் பக்கத்தில் இருங்கள் என்று கேட்டிருக்கிறாள் என்கிறாள் உங்கள் மாமியார். இருந்தாலும் சொல்லாதீர்கள்.