மூன்றாம் முறை கேட்காத அமெரிக்கர்கள்

வயிற்றில் பசியை வைத்துக்கொண்டு வாயால் "வேண்டாம்" சொல்வதில் என்னை வெல்ல ஆள் இல்லை. எங்கள் யாழ்ப்பாணத்து மரியாதை அது. சாப்பிடக் கூப்பிட்டால் முதல்முறை வேண்டாம் என்போம். இரண்டாம் முறை, "இப்பதான் சாப்பிட்டனான்" என்போம். (சாப்பிட்டிருக்க மாட்டோம்.) மூன்றாம் முறை கையைப் பிடித்து இழுப்பார்கள், வேறு வழியில்லாதவர் போல உட்காருவோம்.

போன கோடையில் மனைவி, மகளின் பிள்ளைப்பேற்றுக்காக ரொறன்ரோ போய் மூன்று மாதமாகியிருந்தது. பிராங்பேர்ட் வீட்டில் நானும் சுவாமிப் படங்களும்தான். காலையில் விளக்கேற்றிப் பிள்ளையாரோடு கதைப்பேன். வேலைசெய்யும் ஹோட்டல் சமையலறையில் சட்டிகளோடு கதைப்பேன். இரண்டு பக்கத்திலும் பதில் இல்லை. தனியே சாப்பிட்டால் நாலாம் கவளத்தோடு எழும்பிவிடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை லீவு. வீட்டில் இருக்க ஏலாமல், ரயிலில் போய் ரைன் நதியில் ஓடும் சுற்றுலாக் கப்பலில் ஏறினேன். எதிரே ஓர் அமெரிக்கத் தம்பதி, லிண்டாவும் பொப்பும். அவர்கள் சிரித்தால் அக்கரைத் திராட்சைத் தோட்டத்துக்குக் கேட்கும். ஜேர்மன்காரர் திரும்பித் திரும்பி முறைத்தார்கள்.

என்னோடு வேலைசெய்யும் சிவம் அண்ணை முன்பே எச்சரித்திருந்தார். "ஜேர்மன்காரன் ஒருக்காத்தான் கேப்பான். அமெரிக்கன் உண்ணி மாதிரி, பிடிச்சால் விடான். கதை குடுத்திடாதை!"

உடனே கதை கொடுத்தேன். (விடாத ஆள்தானே எனக்கு வேண்டும்!)

என் அரைகுறை ஆங்கிலத்தை மூன்று மணிநேரம் பொறுமையாகக் கேட்டார்கள். பேரனின் படத்தைக் காட்டினேன். லிண்டா போட்ட கூச்சலில் கப்பல் ஊழியர் ஓடி வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் இத்தனை வருடமாகக் கேட்காததையெல்லாம் அவர்கள் ஒரே பயணத்தில் கேட்டார்கள்.

கரையிறங்கியதும் பொப் என் தோளில் கைபோட்டார். "எங்களோடு சாப்பிட வாருங்கள்."

நெஞ்சு துள்ளியது. மனிதரோடு ஒரு மேசையில் உட்கார்ந்து எத்தனை நாள்! நாக்குக்கு அது விளங்கவில்லை.

"நோ, நோ, தாங்க்ஸ்."

"ஓ, சரி! உங்களைத் தொந்தரவு செய்யமாட்டோம்." இருவரும் கட்டியணைத்துவிட்டு நடந்தார்கள்.

உண்ணியாம்! (சிவம் அண்ணை நாசமாய்ப்... இல்லை, நல்லாயிருக்கட்டும். வெள்ளிக்கிழமை.)

மீதி இரண்டு தடவையும் கேட்க அவர்களுக்கு வசதியாக இருக்கட்டுமென்று இருபது அடி பின்னால் நடந்தேன். அவர்கள் ஓர் உணவகத்தில் கண்ணாடியோரம் அமர்ந்தார்கள். நான் வாசலில் இருந்த உணவுப் பட்டியலைச் சோதனைக்குப் படிப்பவன் போலப் படித்தேன். பொப் கையசைத்தார். நானும் அசைத்தேன். தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தேன். மறுபடி அசைத்தார். "முருகா, இப்ப கூப்பிடுவினம்" என்று மறுபடி நடந்தேன்.

ஐந்தாவது தடவை கடந்தபோது லிண்டா எழுந்து வெளியே வந்தார். கண்கள் கலங்கியிருந்தன. கையில் ஒரு பெட்டி.

"பசி என்று சொல்ல வெட்கப்படக் கூடாது. கடவுள் உங்களை ஆசீர்வதிப்பார்."

மூன்றாம் முறைக்குக் காத்திருப்பது ஆபத்து என்று அதற்குள் படித்திருந்தேன். அவர் முடிக்குமுன் பெட்டியைப் பறிக்காத குறையாக வாங்கிவிட்டேன்.

ரயிலில் திறந்து பார்த்தால், கடித்து மிச்சம் வைத்த பன்றி இறைச்சி சொசேஜ். எனக்கோ வெள்ளிக்கிழமை மரக்கறி. கொட்டினால் பாவம் என்று மடியில் வைத்தே கொண்டுவந்து பக்கத்து வீட்டுக்காரரின் நாய்க்குக் கொடுத்தேன். அது ஒரு தடவைகூட மறுக்கவில்லை.

தொலைபேசியில் சொன்னபோது மனைவி மூச்சுத் திணறச் சிரித்தாள். "பிச்சைக்காரன் எண்டு நினைச்சிட்டினமப்பா! உந்தத் தொளதொளத்த, சாரம் மாதிரிக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டே போனனீங்கள்?" பின்னால் மகளும் மருமகனும் உருண்டு சிரிப்பது கேட்டது.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் "அமெரிக்கக் கேள்வி" என்று ஒன்று இருக்கிறது. ஒரேயொரு தடவைதான் கேட்பார்கள், உண்மையைத்தான் சொல்லவேண்டும். "அமெரிக்கக் கேள்வியப்பா, சாப்பிட்டனீங்களோ?" என்பாள் மனைவி ரொறன்ரோவிலிருந்து. இல்லையென்றால் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

போன கிழமை மகள் தொலைபேசி எடுத்தாள். "அப்பா, அமெரிக்கக் கேள்வி. நீங்களும் இஞ்சை வந்து எங்களோடை இருக்கிறீங்களோ?"

'உனக்கேன் பிள்ளை கரைச்சல்' என்பது நுனிநாக்கு வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"ஓம், வாறன்."

மறுமுனையில் சத்தமே இல்லை. பாவம் பிள்ளை, இன்னும் இரண்டு தடவை கேட்க ஆயத்தமாக இருந்திருக்கிறாள்.