முன்னூறு போதுமுங்க

அவசரம் என்றால் என்னவென்றே தெரியாமல் பிறந்த ஒரே ஜீவன் எங்கள் ‘முன்னூறு’தான். தீப்பிடித்தால்கூட செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார்.

எண்பதுகளின் கடைசியில் சங்ககிரியில் ஒரு லாரி ஆபீசில் நான் குமாஸ்தா. முதலாளி கம்ப்யூட்டரும், அதை டெலிபோனோடு இணைக்கும் மோடம் பெட்டியும் வாங்கிப் போட்டிருந்தார். எந்த லாரி எங்கே நிற்கிறது என்று நாக்பூர் கிளையிலிருந்து தினமும் காலையில் அதில் விவரம் வரும். பெட்டிக்கு இரண்டு வேகம்: முன்னூறு, ஆயிரத்து இருநூறு. பெட்டியை இயக்குவது இவர் வேலை; முன்னூறைத் தாண்டமாட்டார். பேரும் அதுவே ஆகிவிட்டது.

“ஆயிரத்தி எரநூறுன்னு சொல்லித்தானய்யா வித்தான்!” என்று முதலாளி குதிப்பார்.

“நம்ம லைனு தாங்காதுங்க. சொத்தப் பல்லுல முறுக்கு கடிக்க முடியுங்களா? முன்னூறு போதுமுங்க.”

இரண்டு ஊரிலும் வேகமும், ஓர் எழுத்துக்கு எத்தனை ‘பிட்’ என்ற கணக்கும் ஒன்றாக இருக்கவேண்டும். பிசகினால் திரை முழுக்கக் கிறுக்கல்தான். அதனால் முதலில் போன் போட்டு விசாரிப்பார். “அங்க ஏழுங்களா, எட்டுங்களா? ஏழா? இங்கயும் ஏழுதானுங்க. அப்பப் பொருந்துதுங்க.” சரக்கு புக் செய்ய வந்த ஒரு கவுண்டர் இதைக் கேட்டுவிட்டு, “பொண்ணு எந்த ஊருங்க?” என்றார்.

அந்தச் சமயத்தில் டிரைவர் ராசு திரும்புகிற நாள் தாண்டியும் வரவில்லை. அவன் மனைவி மல்லிகா நிறைமாதம். காலையில் தனியாக நடந்து வந்து பெஞ்சில் உட்காருவாள். ஆங்கில எழுத்தில் வருவதை நான்தான் அவளுக்காகத் தமிழில் சத்தமாகச் சொல்லுவேன்.

ஒருநாள் ராசு வண்டியின் நம்பர் திரையில் வந்தது. “மல்லிகா! ஊட்டுக்காரர் வண்டி வந்துருச்சு!” என்று அவள் பக்கம் திரும்பிக் கத்தினேன். அவள் முகம் அப்படி மலர்ந்தது. மறுபடி திரையைப் பார்த்தால் ஒரே கிறுக்கல்.

“அடச்சே! நேரங்கெட்ட நேரத்துல இது வேற!”

முன்னூறு எழுந்து அவளிடம் போனார். “சாமி, ஊட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்புடு. உங்கண்ணனக் கூட்டிக்கிட்டு வா.”

“அவுரு நல்லா இருக்காருங்களா?”

“லைனு சரியில்ல சாமி.”

அவள் மெதுவாகப் படி இறங்கிப் போனாள். “சரி பண்ணுங்க முன்னூறு, பாவம் அந்தப் புள்ள” என்றபடி திரையின் மூலையைப் பார்த்தேன். வேகம் ஆயிரத்து இருநூறு என்று இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“யாருங்க மாத்துனது?”

“நாந்தான். அடுத்த வரியப் பாத்துட்டேன். நீ சத்தமா வாசிச்சிருவ.” வாசல் பக்கம் கை காட்டினார். “அவ அண்ணன் பட்டறையில இருப்பான். ஓடு. அவளத் தனியா உடாதீங்க.”

நான் புரியாமல் நிற்க, வேகத்தை மறுபடி முன்னூறுக்குக் கொண்டுவந்து, நாக்பூர்க்காரர்களைத் திரும்ப அனுப்பச் சொன்னார். வண்டி கவிழ்ந்ததும், ராசு அங்கேயே இறந்துபோனதும் வரி வரியாக வந்தது. மனுஷர் மேஜையில் தலையை வைத்து ஓவென்று அழுதார்.

“போய்ட்டு வாரேனுங்கண்ணா” என்று சொல்லிவிட்டு ஓடினேன். அதற்கப்புறம் அவரை முன்னூறு என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.